“எனக்குக் கூச்சம்” என்று மகள் தானே சொல்கிறாள்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

என் மகளுக்கு நான்கு வயது நிறைந்துவிட்டது. வீட்டில் ஓயாமல் பேசுவாள். பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்துப் பாடம் நடத்துவாள். ஆனால் வெளியார் யாராவது வந்துவிட்டால் என் பின்னால் ஒண்டிக்கொள்வாள். ஒன்றரை வயதிலிருந்தே, வருகிறவர்கள் அவளிடம் பெயர் கேட்டால், அவள் வாய் திறப்பதற்குள் “இவளுக்குக் கூச்சம், பேசமாட்டாள்” என்று என் மாமியார் முந்திக்கொள்வார். குழந்தையைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றவே அவர் அப்படிச் சொல்கிறார் என்பதை நான் அறிவேன். அண்மையில் மழலையர் பள்ளியில் ஆசிரியை பாடச் சொன்னபோது, “நான் பாடமாட்டேன், எனக்குக் கூச்சம்” என்று அவளே சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து என் மனம் ஆறவில்லை.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே நான் வேலைக்குத் திரும்பிவிட்டதால், பகலில் மாமியார்தான் அவளைப் பார்த்துக்கொண்டார். மாலையில் களைப்பினால் அவளுடைய மழலைக்கு ஈடுகொடுக்க முடியாத நாட்கள் பல. அதுதான் காரணமா? தான் எப்படிப்பட்டவள் என்பது ஒரு குழந்தையின் மனத்தில் நான்கு வயதுக்குள் முடிவாகிவிடுமா? மாமியாரின் மனம் நோகாமல் இதை எப்படி மாற்றுவது?

— ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு வயதில் எதுவும் முடிவாகிவிடுவதில்லை. ஆனால், தன்னைப் பற்றிய எண்ணம் அதற்கு வெகு முன்பே உருவாகத் தொடங்கிவிடுகிறது. அதைக் குழந்தை தனியாக உருவாக்கிக்கொள்வதும் இல்லை. மனிதர் தம்மைப் பற்றிக் கொள்ளும் எண்ணம், பிறர் கண்ணுக்குத் தாம் எப்படித் தெரிகிறோம் என்று ஊகிப்பதிலிருந்து பிறக்கிறது என்று சமூகவியலாளர் சார்லஸ் ஹார்ட்டன் கூலி 1902-ஆம் ஆண்டிலேயே எழுதினார். கூட்டமாக வளர்ந்த சிம்பன்சிகள் கண்ணாடியில் தெரிவது தாமே என்று கண்டுகொண்டதையும், பிறந்தது முதல் தனிமையில் வளர்க்கப்பட்டவை கண்டுகொள்ளாததையும் 1970-களின் தொடக்கத்தில் உளவியலாளர் கார்டன் கேலப்பின் ஆய்வுகள் காட்டின. கண்ணாடி ஒன்றே, பிற உயிர்களோடு பழகிய அனுபவம்தான் வேறு.

மனிதக் குழந்தைகளில் பெரும்பாலோர் 18 முதல் 24 மாதங்களுக்குள், கண்ணாடியில் தெரியும் மூக்கின் மேல் சோதனைக்காகப் பூசப்பட்ட கறை தம் மூக்கில்தான் இருக்கிறது என்று உணர்ந்து அதைத் தொட்டுப் பார்க்கிறார்கள். பிறர் தம்மைக் கவனிக்கிறார்கள் என்று கூசத் தொடங்குவதும் ஏறத்தாழ அந்த வயதில்தான். அந்தக் கூச்சம் வளர்ச்சியின் அடையாளம். உங்கள் வீட்டில் அது தோன்றிய வேளையிலேயே அதற்கு ஒரு பெயரும் சூட்டப்பட்டுவிட்டது. இப்போது அவள் பள்ளியில் சொன்னது, பாட்டியிடம் கேட்டுக் கேட்டுத் தனதாக்கிக்கொண்ட வாக்கியம்.

உங்கள் களைப்பு மாலைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். 1970-களில் உளவியலாளர் எட்வர்ட் டிரோனிக் நடத்திய சோதனையில், தாய் சில நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருந்தபோது, சில மாதக் குழந்தைகள் சிரித்தும் குரல் எழுப்பியும் அவரை மீட்கப் பார்த்தன. முடியாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டன. இதைக் கேட்டுப் பயந்துபோகும் தாய்மார்கள், டிரோனிக்கே பிற்பாடு வலியுறுத்தியதைப் பெரும்பாலும் கேள்விப்படுவதில்லை: இயல்பான, அன்பான தாய்-சேய் உறவிலும் இருவரும் ஒத்திசைந்திருப்பது பாதிக்கும் குறைவான நேரமே. விட்டுப்போன இழை மறுபடி பிடிக்கப்படுகிறதா என்பதே முக்கியம். “நான் அழைத்தால் ஆள் வருவார்” என்று குழந்தை கற்பது அங்கேதான். உங்கள் மகளுக்குப் பகலில் பாட்டியும் இருந்திருக்கிறார். வீட்டில் ஓயாமல் பேசும் குழந்தை, தன் பேச்சுக்குக் காது இருக்கிறது என்று நம்புகிற குழந்தை.

புதியவர் முன் ஒதுங்குவதில் பிறவிக் குணத்துக்கும் பங்கு உண்டு. மனநல மருத்துவர்கள் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் இருவரும் 1956-இல் நியூயார்க்கில் தொடங்கிய நீண்ட கால ஆய்வில், ஏறத்தாழ 15 விழுக்காட்டுக் குழந்தைகள் புதியவற்றோடு மெதுவாகவே இணங்கினார்கள். மெதுவாகப் பழகும் குழந்தை வேறு, பழகவே தெரியாதவள் என்று தன்னை நம்பும் குழந்தை வேறு. முன்னதை மாற்றத் தேவையில்லை. பின்னதைத்தான் தடுக்க வேண்டும்.

ஆகவே, அவள் என்ன செய்கிறாள் என்பதைச் சொல்லுங்கள். அவள் எப்படிப்பட்டவள் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். விருந்தினர் கேட்டால், “கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பேசுவாள்” என்றால் போதும். “கூச்சம்” என்பதற்குப் பதிலாக “நீ தைரியசாலி” என்று புகழத் தொடங்குவதை நான் விரும்பமாட்டேன். அதுவும் ஒரு முத்திரையே, அது பொய் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடும். இரவில் அன்றைய நாளை இருவருமாக நினைவுகூருங்கள். “முதலில் என் பின்னால் நின்றாய், பிறகு உன் பொம்மையைக் காட்டினாய், அவர் என்ன சொன்னார்?” என்று கேட்டு, மீதியை அவளையே சொல்லவிடுங்கள். தன்னைப் பற்றிய கதையைக் குழந்தைகள் கோக்கக் கற்பது இத்தகைய பேச்சில்தான். ஒதுங்கி நின்றதும் பேசியதும் அந்தக் கதையில் சேர்ந்தே இடம்பெறட்டும்.

ஆசிரியையிடம் அவள் மறுத்தது முழு வாக்கியத்தில் என்பதைக் கவனித்தீர்களா? எனக்கு அது நல்ல அறிகுறியாகவே படுகிறது. பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் கடந்த பின்னும், அங்கே யாரிடமும் ஒரு சொல்கூடப் பேசாத நிலை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், குழந்தைகள் மனநல நிபுணரை நேரில் பாருங்கள்.

மாமியாரிடம் “அப்படிச் சொல்லாதீர்கள்” என்று தொடங்க வேண்டாம். பகலெல்லாம் உடனிருந்தவர் அவர்; அவர் சொல்லுக்குக் குழந்தையிடம் மதிப்பு அதிகம் என்பதைச் சொல்லி, மேலே சொன்ன மாற்று வாக்கியத்தை அவர் வாயால் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். இந்த உரையாடலைக் குழந்தை தூங்கிய பிறகு வைத்துக்கொள்வது நல்லது. தன்னைப் பற்றிய பேச்சு எதுவும் இந்த வயதில் அவள் காதுக்குத் தப்பாது.