கும்பிட்டும் வருத்தம் குறையாதபோது இறைவனின் கருணையை எப்படி நம்புவது?

நீண்ட நாளாக நோயோடு இருக்கிறேன், விரதம் பிடித்தும் நேர்த்தி வைத்தும் குறையவில்லை, கடவுளுக்குக் கருணை உண்டு என்று இனி எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு நம்பிக்கை போதாது, அதனால்தான் மாறவில்லை என்று உறவுக்காரர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதற்குச் சொல்லிவிடுகிறேன்: அவர்கள் சொல்வது சரியில்லை. நோயாளியிடம் அப்படிப் பேசுவது பெரிய கொடுமை.

அப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். சூலை நோயில் துடித்தபடி திருவதிகையில் அவர் பாடிய முதல் பதிகம் முழுக்க முறைப்பாடுதான். எமனைப்போல வந்த இந்த நோயை விலக்காமல் இருக்கிறீரே, நான் அறிந்து கொடுமை எதுவும் செய்யவில்லையே என்றுதான் தொடங்குகிறார். வயிற்றுக்குள் குடலைப் பிடித்து முடக்குகிறது, ‘ஆற்றேன் அடியேன்’ என்கிறார். தாங்க முடியவில்லை என்று கடவுளின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். அதைத்தான் நாம் இன்றைக்கும் சாமி அறையில் நின்று பக்தியோடு பாடுகிறோம்.

அவருக்குப் பாடியதும் நோய் நீங்கியது, எனக்கு நீங்கவில்லையே என்று கேட்பீர்கள். நியாயம்தான். சுந்தரருக்கு அப்படி உடனே நடக்கவில்லை. பார்வை போனபின் திருவெண்பாக்கத்தில் அவருக்குக் கிடைத்தது ஓர் ஊன்றுகோல் மட்டும். காஞ்சியில் ஒரு கண், மற்றக் கண் திருவாரூர் போனபிறகுதான். சத்தியம் தவறியதால் வந்தது என்று காரணம் தெரிந்தும், ‘வாழ்ந்து போதீரே’, நீரே நன்றாக வாழ்ந்துகொள்ளும் என்று ஆரூர்ப் பெருமானிடமே கோபித்துக்கொண்டார். ஆனாலும் அதுவரை நடையை நிறுத்தவில்லை. ஊன்றுகோலோடு தலம் தலமாகப் போய்த்தான் ஆரூர் வந்து சேர்ந்தார்.

என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். திருகோணமலையிலிருந்து மகரகம ஆஸ்பத்திரிக்கு இரவு ரயிலில் போய்வருவோம். மருந்து ஏற்றியபின் சத்தியும் வாய்ப்புண்ணுமாகக் கஞ்சிகூட இறங்காது. சில நாள் விளக்கேற்றிவிட்டு, ‘உனக்குக் கண்ணில்லையா’ என்று எங்கள் ஊர்ச் சிவன் கோணேசரைத் திட்டுவார். மறுநாளும் ஏற்றுவார். கோட்டை வாசலைத் தாண்டி, கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலைக்கு ஏற முடியாமல் போனபிறகு அடிக்கடி ஒன்று சொல்வார். அந்தக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622-ல் இடித்து, கல்லைக் கோட்டை கட்டக் கொண்டுபோனார்கள். மறுபடி கோயில் எழுந்து கும்பாபிஷேகம் நடந்தது 1963-ல். ‘அவருக்கே அவ்வளவு காலம் அங்கே இருக்க இடமில்லை. என்னுடைய நோவு அவருக்கு விளங்காமலா போகும்?’ என்பார். எனக்கு இதைவிடப் பெரிய சைவ விளக்கம் யாரும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவிலிருந்து வந்த ஓர் உம்மா இருந்தார். அய்யூப் நபி நோயில் கேட்ட துஆவை, அதாவது பிரார்த்தனையை, அம்மாவுக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார். எனக்குத் துன்பம் நேர்ந்துவிட்டது, நீயோ கருணையாளர்களில் எல்லாம் பெரிய கருணையாளன். அவ்வளவுதான் அந்த துஆ. சுகமாக்கு என்றுகூட அதில் இல்லை. துன்பமும் உண்மை, கருணையும் உண்மை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நிற்கிறார். நான் நம்பிக்கை என்று நினைப்பது இதைத்தான்.

அம்மா சுகமாகவில்லை, போய்விட்டார். கடைசி மாதங்களில் வலி எலும்புக்குள் இறங்கியிருந்தது. டாக்டர் மோர்ஃபின் எழுதித் தந்தபோது வீட்டில் பயந்தார்கள், பழகிப்போகும், ஆள் சீக்கிரம் போய்விடும் என்று. டாக்டர் பொறுமையாக விளக்கினார்: அளவு பார்த்து, நேரம் தவறாமல் கொடுத்தால் புற்றுநோய் வலிக்கு அது நல்ல மருந்து, மலச்சிக்கலுக்கு மட்டும் கூடவே மருந்து வேண்டும். அந்த வில்லை வேலை செய்து அம்மா விடியும்வரை தூங்கிய இரவுகளைக் கருணை என்றுதான் நான் சொல்வேன்.

ஆகவே உங்களுக்குக் கோபம் வந்தால் கோபத்தோடேயே கும்பிடுங்கள். விரதத்துக்காக மருந்து நேரத்தைத் தள்ள வேண்டாம், சாப்பாட்டோடு போடும் வில்லை என்றால் சாப்பிட்டுவிட்டே போடுங்கள். வலியைச் சோதனை என்று பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று உங்கள் எழுத்தில் தெரிகிறது. அடுத்த கிளினிக்கில் எங்கே, எப்போது, எவ்வளவு நோகிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள், அதற்கென்று மருந்து இருக்கிறது.