புஷ் விலை 1,200 ரூபாய், மாற்றும் கூலி 2,400 ரூபாய்: இது நியாயமா?

நாகர்கோவிலில் உங்கள் பழைய காரின் முன்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு கீழே இணைக்கும் இரும்புக் கை) புஷ்களை, அதாவது அந்தக் கை சட்டத்தில் பொருந்தும் இடத்திலுள்ள ரப்பர் உருளைகளை, மாற்றப் பொருளுக்கு 1,200 ரூபாயும் கூலிக்கு 2,400 ரூபாயும் கேட்கிறார்கள், ஒரு நாள் முழுவதும் வண்டியை விட்டுச் செல்லவும் சொல்கிறார்கள், இது ஏமாற்று வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏமாற்று வேலையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இதே கணக்கை வைத்து ஒரு நல்ல மெக்கானிக்கிடம் நான் சண்டை போட்டு, மறுநாளே தலைகுனிந்தவன் என்பதால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

தொழில் தெரிந்தவர்கள் வந்து கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் அல்லன், பணி ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். ஒரு ஒர்க்‌ஷாப் பெஞ்சில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து பார்த்ததையும், பிறகு விசாரித்துத் தெளிந்ததையும் மட்டுமே எழுதுகிறேன்.

என் வண்டி 2012இல் வாங்கிய சிறிய கார். வீடு குளச்சல் பக்கம், கடலிலிருந்து அரை கிலோமீட்டர்கூட இருக்காது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த நேரத்தில், வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. பிரேக் அழுத்தினால் வண்டி இடப்பக்கம் இழுத்தது, முன் டயர்களின் உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. முதலில் போன இடத்தில் லிங்க் ராடு (வண்டி சாயாமல் தாங்கும் கம்பியை இணைக்கும் சிறு தண்டு) என்று சொல்லி இரண்டு பக்கமும் மாற்றினார்கள். காசு போனது, சத்தம் போகவில்லை. பிறகு திங்கள்நகரில் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப்பைச் சொன்னார்கள். அங்கே வண்டியை ஜாக்கியில் தூக்கி, லோயர் ஆர்முக்கும் அது பொருந்தியிருக்கும் சட்டத்துக்கும் இடையில் ஓர் இரும்பு லிவரைக் கொடுத்து அசைத்துக் காட்டினார் மெக்கானிக். ரப்பர் முழுக்க வெடித்து, நடுவிலிருந்த இரும்புக் குழல் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

புஷ் என்ற அந்தச் சிறிய பொருளின் அமைப்பு புரிந்தால்தான் கூலியின் கணக்கு புரியும். உள்ளே ஓர் இரும்புக் குழல், வெளியே ஓர் இரும்பு வளையம், இரண்டுக்கும் நடுவே இரண்டோடும் ஒட்டி வார்க்கப்பட்ட ரப்பர். போல்ட் அந்த உள் குழல் வழியாகப் போய்க் குழலை அசையாமல் இறுக்கிப் பிடிக்கிறது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது குழல் சுற்றுவதில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொடுத்துத் திரும்புகிறது.

இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு புஷ்களுக்கு 1,100 ரூபாய், கூலி 2,200 ரூபாய், வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பது) தனி என்றார். ஒரு மணி நேர வேலைக்கு இவ்வளவா என்று, வகுப்பறைக் குரலிலேயே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "சாரே, இது புஷ்ஷுக்க கூலி இல்ல, போல்ட்டுக்க கூலியாக்கும். நாளைக்கி வந்து இருந்து பாருங்க" என்றார்.

போய் உட்கார்ந்தேன். காலை ஒன்பதரைக்கு வலப்பக்கத்தைத் தொடங்கினார்கள். சக்கரத்தைக் கழற்றி, ஆர்மைச் சக்கரப் பக்கம் இணைக்கும் பால் ஜாயிண்டை விடுவித்து, இரண்டு போல்ட்களையும் உருவி, நாற்பது நிமிடத்தில் ஆர்மை வெளியே எடுத்துவிட்டார்கள். பக்கத்து லேத் பட்டறையின் பிரஸ்ஸில் (அழுத்தித் தள்ளும் இயந்திரம்) வைத்துப் பழைய புஷ்களைத் தள்ளிப் புதியவற்றை ஏற்ற இருபது நிமிடம் ஆனது. நான் சொன்ன ஒரு மணி நேரம் சரியாகத்தான் இருக்கிறது என்று மனத்துக்குள் மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

இடப்பக்கத்தில் பின் போல்ட் வரவில்லை. ஸ்பானரைப் போட்டுத் திருப்பினால் சுற்றியது, ஆனால் வெளியே நகரவில்லை. உப்புக் காற்றில் போல்ட்டும் உள் குழலும் துருப்பிடித்து ஒன்றாகிவிட, வெடித்த ரப்பருக்குள் இரண்டும் சேர்ந்தே சுற்றிக்கொண்டிருந்தன. துரு இளக்கும் எண்ணெயை அடித்துக் காத்திருந்தார்கள், சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள், கேஸ் வைத்துச் சூடாக்கினார்கள். ரப்பர் கருகிய அந்த நாற்றம் எனக்குப் பழக்கமானது. குலசேகரத்துக்கு அருகில் அப்பாவுக்குச் சிறிய ரப்பர் விளை இருந்தது, பால்வெட்டும் புகைப்புரையும் பார்த்து வளர்ந்தவன் நான். நம் ஊர் மரத்தின் ஷீட்டுக்குக் கடைக்காரர் சொல்வதே விலை, அதே ரப்பர் இரும்புக்குள் ஏறித் திரும்பி வரும்போதும் கடைக்காரர் சொல்வதே விலை என்ற ஆதங்கம் அந்தப் புகையோடு எழுந்தது. அது கிடக்கட்டும்.

கடைசியில் போல்ட்டை இரண்டு இடங்களில் அறுத்துத்தான் ஆர்மை இறக்கினார்கள். அப்போது மணி இரண்டே கால். புதிய போல்ட்டுக்கு ஒரு பையனை நாகர்கோவிலுக்கு அனுப்பினார்கள். வண்டி தரையில் இறங்கியபோது மாலை ஐந்து. ஒரே வேலை ஒரு பக்கம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது, மறுபக்கம் பகல் முழுவதையும் தின்றது. முதல் நாளே ஒரு தொகையைச் சொல்லிவிட்ட அவர், போல்ட்டுக்கு மட்டும் 180 ரூபாய் கூட்டிக்கொண்டு, அதே 2,200 ரூபாயைத்தான் வாங்கினார். கூலியை ஏன் அப்படிக் குறித்திருந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அன்று பார்த்தவற்றில் இன்னும் இரண்டை நீங்கள் கவனிக்க வேண்டும். புதிய புஷ்ஷை ஏற்றும்போது அவர் கிரீஸ் தடவவில்லை, சோப்புத் தண்ணீர்தான் தடவினார். சாதாரண எண்ணெயும் கிரீஸும் இயற்கை ரப்பரை ஊதிப்போகச் செய்துவிடும். மற்றது, போல்ட்களை ஆர்மில் கோத்துவிட்டாலும், வண்டி சக்கரத்தில் நின்று அதன் எடை முழுதும் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு இறுக்கினார். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கியவுடனேயே ரப்பர் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, நிற்கும்போதுகூட இழுபட்டபடியே இருக்கும். என் மருமகன் ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்தில், குளிரூட்டிய அறையில் தேநீர் குடித்தபடி, இரண்டு மணி நேரத்தில் முழு ஆர்மையும் மாற்றி வந்தார். பதினொரு மாதத்தில் ரப்பர் வெடித்துவிட்டது. தொங்கவிட்டு இறுக்கியதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி, மண்ணை மட்டும் மூடிவிட்டுப் போன நம் சாலைகளுக்கும் அதில் பங்கு இருக்கலாம்.

பொருளின் விலையை வைத்துக் கூலியை அளக்காதீர்கள். போல்ட்கள் ஒழுங்காகக் கழன்றால் ஒரு பக்கத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், பிரஸ் வேலையும் அலைன்மென்டும் சேர்ந்தால் அரை நாள். துருப்பிடித்திருந்தால் ஒரு நாள் என்று சொல்வதே நேர்மையான பேச்சு. வண்டியை விடும் முன், பிரஸ் கூலியும் அலைன்மென்டும் அந்தத் தொகைக்குள் அடங்குமா, போல்ட்டை அறுக்க நேர்ந்தால் யார் செலவு, பில் போடும் இடமென்றால் கூலியின் மேல் 18 சதவீத வரி தனியா என்று கேட்டுவிடுங்கள். பால் ஜாயிண்டும் ஆடினால் புஷ் மட்டும் மாற்றுவதில் பயனில்லை. புஷ்ஷும் ஜாயிண்டும் பொருத்தியே வரும் முழு ஆர்ம் விலை கூடுதல்தான், ஆனால் பிரஸ் வேலை மிச்சமாகும். அதிலும் சிக்கிய போல்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். அலைன்மென்டை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், டயர் போய்விடும்.

உங்கள் 2,400 ரூபாய் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தா, ஒரு பக்கத்துக்கா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டுக்கும் என்றால், அதிலும் பிரஸ் கூலி அடக்கம் என்றால், என் அனுபவத்தில் அது சரியான தொகை. ஒரு பக்கத்துக்கு மட்டும் என்றால் இன்னொரு இடத்தில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.