அப்பா எழுதிய நாவல்: படமாக்கும் உரிமை யாரிடம்?

கேள்வி: கேரளத்தில் குளத்துப்புழை ரப்பர் எஸ்டேட்டில் வளர்ந்தவன் நான். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. உலகப்போர் முடிந்த காலத்து நுவரெலியா தேயிலைத் தோட்டத்தில் தொடங்கி, சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் (மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் இரு நாடுகளும் போட்டது) கப்பலேறி வந்து இங்கே குடியேறியது வரை ஒரு நாவல் எழுதினார். 1997இல் அச்சானது. 2011இல் அப்பா போய்விட்டார். இப்போது ஒரு தயாரிப்பாளர் அதை வெப் சீரிஸாக எடுக்கக் கேட்கிறார். பதிப்பகத்தார், "சகல உரிமையும் எங்களுக்கே" என்று அப்பா கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டுகிறார்கள். இன்னொரு குழுவோ, "இது நடந்த வரலாறு, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை" என்கிறது. யார் சொல்வது சரி? படமாக்கும்போது கதையைச் சிதைத்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை.

பதிப்பகத் தாளின் நகலை அனுப்பியிருந்தீர்கள். அதில் முதலில் தேதியைத்தான் பார்த்தேன். 1997. நல்லவேளை. மொத்தம் நாலே வரி: பணம் பெற்றுக்கொண்டு "சகல உரிமைகளையும் எழுதிக் கொடுத்தேன்" என்று இருக்கிறது. எத்தனை வருஷத்துக்கு என்று இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுதான் செல்லும், 2002இலேயே முடிந்துவிட்டது. அதுமட்டுமில்லை, வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, அதுவும் காலாவதி. பதிப்பகம் புத்தகம் போட்டது, படம் எடுக்கவில்லை. இதே தாள் 1995 மே 10க்கு முன் எழுதியதாக இருந்தால் இந்த விதிகள் எதுவும் உதவாது, வழக்கு வேறு மாதிரி போயிருக்கும். மறுபதிப்பின்போது அப்பா வேறு ஏதாவது எழுதிக் கொடுத்தாரா என்று மட்டும் பழைய பெட்டியைத் துழாவிப் பாருங்கள்.

அப்புறம் அந்த "வரலாறு" வாதம். பாதி உண்மை. 1948இல் இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்த மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது, 1964 ஒப்பந்தம், தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம், மண்டபம் முகாம், புனலூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டம், இதெல்லாம் யாருக்கும் சொந்தமில்லை. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: கருத்துக்கும் வரலாற்று உண்மைக்கும் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்கு உண்டு. உங்கள் நாவலில், கொழுந்து கிள்ளிப் பழகிய பாட்டி முதல் நாள் வெட்டுக்கத்தியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சிரட்டையில் பால் சொட்டுவதைப் பார்த்து, "மரம் அழுவுதுடா" என்பாள். அது எந்த அரசு ஆவணத்திலும் இல்லை, அப்பா உண்டாக்கியது. அந்தக் காட்சியும் பாத்திரங்களும் கதை கோத்த விதமும் வேண்டுமென்றால் உங்களிடம் வந்துதான் ஆக வேண்டும். பதிவு செய்யவில்லையே என்று பயப்படாதீர்கள், பதிவு கட்டாயமில்லை. உரிமை 2071 முடியும்வரை இருக்கிறது.

"உங்களிடம்" என்றால் உங்கள் ஒருவரிடம் அல்ல. உயில் இல்லையென்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் இரண்டு அக்காமாருக்கும் உங்களுக்கும் சம பங்கு. திருப்பூரில் இருக்கும் அக்காவிடம் போனில் கேட்டுக்கொண்டால் போதாது, நாலு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழுக்கு இப்போதே மனுக் கொடுங்கள்.

தயாரிப்பாளரின் ஒப்பந்தத்தில் "எல்லா ஊடகங்களுக்கும், என்றென்றைக்கும்" என்ற வரியைப் பார்த்தேன். அதை அடிக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு சீரிஸுக்கு மட்டும் என்று எழுதுங்கள். மூன்று வருஷத்துக்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை தானாகத் திரும்ப வேண்டும். அப்போது வாங்கிய அட்வான்ஸைத் திருப்பித் தரத் தேவையில்லை என்றும் எழுதுங்கள். டைட்டிலில் அப்பா பெயர் எங்கே, எந்த அளவில் வரும் என்பதும் இருக்கட்டும்.

கதையைச் சிதைத்துவிடுவார்களோ என்று கேட்டிருந்தீர்கள். திரைக்கு ஏற்ப மாற்றத்தான் செய்வார்கள். ஆனால் அப்பாவின் பெயருக்கே இழுக்கு வரும் அளவுக்குத் திரித்தால் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு வாரிசுகளுக்குக் கைகொடுக்கும். உரிமையை விற்ற பிறகும்தான். 1986இல் இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொன்னது. என்றாலும் கோர்ட்டுக்கு அலைவதைவிட, திரைக்கதையைப் படித்துப் பார்க்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே வாங்கிவிடுவது மலிவு.

பதிப்பகத்துக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள், ஸ்பீடு போஸ்டில், சேர்ந்ததற்கான சான்றோடு. அவர்கள் பதில் வரும்வரை தயாரிப்பாளரின் தாளில் கை வைக்காதீர்கள்.