டாவி நடுவில் இதயம் நின்றால் முதலில் எதைப் பார்ப்பது?

கேத் லேபில், அதாவது ரத்தக்குழாய் வழியாக இதய சிகிச்சை செய்யும் அறையில், புதிதாகச் சேர்ந்திருக்கும் மயக்க மருத்துவர் ஒருவர் கேட்கிறார்: "டாவி, அதாவது குறுகிய அயோர்டிக் வால்வுக்குள் ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வு வைக்கும் சிகிச்சை, செய்யும்போது பலூன் ஊதி முடித்த பிறகும் ரத்த அழுத்தம் எழும்பவே இல்லை, இதயம் நின்றுவிட்டது. வார்டில் செய்வது போலவே சிபிஆரில் (நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிப்பதில்) இறங்குவதா, இதற்கு வேறு வரிசை உண்டா?"

உண்டு. வார்டில் ஒருவர் சரிந்தால் காரணத்தைத் துழாவ வேண்டும், டாவியில் பெரும்பாலும் நாம் கடைசியாகக் கை வைத்த இடம்தான் காரணம்.

முதல் கேள்வி, பேசிங் (வயர் வழியாக மின் தூண்டல் கொடுத்து இதயத்தைத் துடிக்க வைப்பது) நின்றதா? பலூன் நகராமல் இருக்க நிமிடத்துக்கு 180 முதல் 220 வரை இதயத்தை ஓட்டுகிறோம், அதை நிறுத்தாத வரை அழுத்தக் கோடு தட்டையாகத்தான் இருக்கும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பதற்றத்தில் எல்லோரும் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், பேசர் பெட்டியை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். நிறுத்திய பிறகு விஎஃப் (இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும் நிலை) தெரிந்தால் உடனே மின் ஷாக், அதற்கான பேட்கள் முன்பே நெஞ்சில் ஒட்டியிருக்கும் என்பதால் நெஞ்சை அழுத்தத் தொடங்கும் முன் அடுத்தடுத்து மூன்று வரை கொடுக்கலாம். துடிப்பே இல்லையென்றால் அதே பேசிங் வயரை நிமிடத்துக்கு 80-இல் ஓட்டுங்கள். துடிப்பு சரியாக வந்தும் அழுத்தம் ஏறவில்லையா, நெஞ்சை அழுத்துவதோடு ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்தைச் சிறு அளவில் சீக்கிரமே கொடுங்கள். தடித்த இதயத்தில் ரத்த அழுத்தம் விழுந்தால் கரோனரிக்கு (இதயத் தசைக்கே ரத்தம் தரும் குழாய்க்கு) ரத்தம் குறையும், அதனால் துடிப்பு தளரும், அழுத்தம் இன்னும் விழும். பேசிங்குக்கு முன்பே சராசரி ரத்த அழுத்தத்தை 75 mmHg-க்கு மேல் ஏற்றி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போதே எக்கோவை (இதய அல்ட்ராசவுண்டை) வையுங்கள். இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கியிருந்தால் வயர் எங்கோ குத்தியிருக்கலாம், உடனே வடிக்க வேண்டும். தேங்கல் இல்லை, ஆனால் இடது வென்ட்ரிக்கிளின் (உடலுக்கு ரத்தத்தைத் தள்ளும் இதய அறையின்) சுவர் அசையவில்லை என்றால் பழைய வால்வின் இதழ் கரோனரி வாயை அடைத்திருக்கலாம், அயோர்டாவில் (மகாதமனியில்) எக்ஸ்ரே சாயம் விட்டால் தெரிந்துவிடும். கரோனரி வாய் 10 மில்லிமீட்டருக்கும் தாழ்வாக இருப்பது முன்பே சிடியில் தெரிந்தவர்களிடம் இதை எதிர்பார்த்தே தொடங்க வேண்டும். பலூனுக்குப் பிறகு வால்வு மோசமாக ஒழுகினால் துடிப்பை மெதுவாக விடாதீர்கள், வேகமாக பேஸ் செய்தால் ஒழுக நேரம் குறையும், அதற்குள் புது வால்வு உள்ளே போய்விட வேண்டும். குறுகின வால்வு இன்னும் திறக்கப்படாத நிலையில் நெஞ்சை எவ்வளவு அழுத்தினாலும் ரத்தம் சரியாக வெளியே போகாது, வால்வு தயாராக இருந்தால் சிபிஆர் நடக்கும்போதே வைத்துவிடுவதும் ஒரு சிகிச்சைதான்.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. வால்வு நன்றாகப் பொருந்தியும் அழுத்தம் விழுந்து, எக்கோவில் சின்ன, தடித்த வென்ட்ரிக்கிள் காலியாக மூடிக்கொள்வது தெரிந்தால் அதைச் சூசைடல் எல்வி (தன்னையே அழித்துக்கொள்ளும் இடது வென்ட்ரிக்கிள்) என்போம். அட்ரினலின் கொடுக்கக் கொடுக்க அது இன்னும் மோசமாகும். இங்கே கொடுக்க வேண்டியது திரவம், ரத்தக்குழாயைச் சுருக்கும் ஃபினைல்எஃப்ரின், தேவைப்பட்டால் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர்.

எதுவும் பலிக்காவிட்டால் எக்மோ, அதாவது இதயம், நுரையீரல் வேலையை வெளியிலிருந்து செய்யும் இயந்திரம். ஆனால் அதை வைக்கலாமா, நெஞ்சைத் திறப்பதற்கு இவர் தகுதியானவரா என்பதையெல்லாம் நோயாளி மேசைக்கு வரும் முன்பே பேசி முடித்து ஒருவர் எழுதி வைத்திருக்க வேண்டும்.