மகள்கள் கையெழுத்து இல்லாத ஒன்பது சென்ட்

கேள்வி: திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறேன். முதல் வீடு வாங்க நாகர்கோவில் பார்வதிபுரம் பக்கம் ஒரு மனையும், மார்த்தாண்டம் அருகே பழைய ஓட்டு வீட்டோடு 9 சென்ட்டும் பார்த்தோம். மார்த்தாண்டம் விலை குறைவு, பின்னால் ஏறும் என்று புரோக்கர் சொன்னதை நம்பி 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறது, வில்லங்கமும் இல்லை. இப்போது அவருடைய அக்காமார் இருவர் பங்கு கேட்கிறார்கள். கிறிஸ்தவக் குடும்பம். அப்பா 1994-ல் உயில் எழுதாமல் இறந்தார், பிறகு அம்மாவும் அப்படியே. "சீதனம் கொடுத்தாச்சு, அவங்களுக்கு என்ன பங்கு?" என்கிறார் விற்பவர். புரோக்கர் போனை எடுப்பதில்லை; மைத்துனர் என்னைத் திட்டுகிறார். எங்கே வாங்குவது?

பதில்: புரோக்கரையும் மைத்துனரையும் விடுங்கள். மார்த்தாண்டமா நாகர்கோவிலா என்பதும் அப்புறம். உயில் இல்லை, பிள்ளைகள் மூன்று பேர்; உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது இது மட்டும்தான்.

1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில் மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. விற்பவர் மனதில் இருப்பது அந்தக் காலம். அந்தச் சட்டம் 1951-லேயே ஒழிந்துவிட்டது என்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-ல் தீர்த்துச் சொல்லிவிட்டது. அன்று திருவிதாங்கூரோடு இருந்த குமரி மாவட்டத்துக்கும் அதுதான். மகனும் மகளும் சமம். சீதனம் பங்கைத் தீர்க்காது. அக்காமார் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிய, பதிவான விடுதலைப் பத்திரம் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் 9 சென்ட்டில் அவர் விற்கக்கூடியது 3 சென்ட்.

வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும். அப்பா இறந்ததும் பிள்ளைகளுக்கு வந்த பங்கு அதில் தெரியாது. பட்டாவும் உரிமைப் பத்திரம் ஆகாது.

இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு என்னிடம் வருபவர்கள் கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஓட்டை மாற்றி, கிணற்றைத் தூர்வாரி, குடிவந்த பிறகு பாகப்பிரிவினை வழக்கின் சம்மன் வரும். "இத்தனை வருஷமா தம்பிதானே அனுபவிக்கிறார்" என்பது எடுபடாது. கூட்டு உரிமைக்காரர் ஒருவர் அனுபவிப்பது மற்றவர்களுக்காகவும்தான் என்றே நீதிமன்றம் பார்க்கும். அதைவிட மோசம், குடும்ப வீட்டில் ஒரு பங்கை மட்டும் வாங்கிய வெளியாளுக்கு, சொத்துமாற்றுச் சட்டம் 44-ஆம் பிரிவுப்படி அந்த வீட்டில் கூட்டாகக் குடியிருக்கும் உரிமை கிடையாது. நீங்களே பிரித்துக் கேட்டு வழக்குப் போட்டால், உங்கள் பங்கை நீதிமன்றம் போடும் மதிப்புக்கு அக்காமார் வாங்கிக்கொள்ளலாம். வழக்கு இழுக்கிற இழுப்பில் வீட்டுக்கடன் தவணை மட்டும் மாதாமாதம் நிற்காமல் போகும். முதல் வீடு வாங்குபவருக்கு இதைத் தாங்கும் சக்தி இருக்காது.

அதனால் சமரசம் பேசுங்கள். அக்காமார் இருவரும் அதே கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகக் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களுக்குரிய பணம் பேசிய விலைக்குள்ளிருந்தே, நேராக அவர்கள் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். பின்னால் சம்மதம் எழுதித் தருவார்கள் என்ற பேச்சை ஏற்காதீர்கள். விலையில் கொஞ்சம் ஏற்றிக் கேட்டாலும், கட்டுப்படியானால் கொடுத்து முடியுங்கள்.

தம்பி மறுத்தால் நோட்டீஸ் அனுப்பி அட்வான்ஸைக் கேளுங்கள். கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட வேண்டாம்; ஜெயித்தாலும் அந்த 3 சென்ட்தான். ஒன்றரை லட்சம் உடனே தருகிறேன் என்றால் வாங்கிக்கொண்டு விலகுங்கள்.

பார்வதிபுரம் மனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். மூலப்பத்திரக்காரர் உயிரோடு இல்லையென்றால், அட்வான்ஸ் பேசுவதற்கு முன்பே வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் கையெழுத்துப் போட வருமா என்று கேளுங்கள்.