பிள்ளைகளோடு போர்ச் சுவடுகள்: சென்னைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (வேளச்சேரி): புனித ஜார்ஜ் கோட்டை, எம்டன் கல்வெட்டு, நந்தம்பாக்கம் போர்க் கல்லறை மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாமா? பிள்ளைகளுக்கு 7, 11 வயசு.

பதில்: முடிக்கலாம், ஆனால் மதியத்துக்கு மேல் அழுகைதான் மிஞ்சும். கோட்டையும் கல்வெட்டு இருக்கும் உயர்நீதிமன்றமும் பக்கம் பக்கம். ஒரு காலைப்பொழுது போதும். நந்தம்பாக்கத்தை இன்னொரு நாளைக்கு வையுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் கிளம்பாதீர்கள், கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

கேள்வி (பெரம்பூர்): எம்டன் கல்வெட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: ஒன்றுமில்லை. உயர்நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் ஒரு சின்னக் கல், அவ்வளவுதான். "இதுக்கா வந்தோம்?" என்று பையன் கேட்பான். அதனால் கதையை வண்டியிலேயே சொல்லிவிடுங்கள். 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில். முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் இருட்டில் வந்து, சர்ச்லைட்டைப் போட்டு, துறைமுகத்திலிருந்த பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளைச் சுட்டது. எண்ணெய் பற்றி எரிந்தது, உயிர்ச்சேதமும் உண்டு. கரையிலிருந்து பதிலுக்குச் சுட்டும் கப்பல் தப்பிவிட்டது. மறுநாளே ஊரில் பாதிப்பேர் மூட்டை கட்டினார்கள் என்று சொல்வார்கள்; கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம். "அப்புறம் அந்தக் கப்பல் என்னாச்சு?" என்று கேட்காத பிள்ளை கிடையாது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிபட்டு, கரையில் ஏறி முடங்கியது.

கேள்வி (அண்ணாநகர்): கோட்டை அருங்காட்சியகத்தில் மகன் வாள், துப்பாக்கி தவிர எதையும் பார்க்க மாட்டேன் என்கிறான்.

பதில்: பார்க்கட்டும், வயசு அப்படி. பிறகு பிரிட்டிஷ் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் சிலையின் பீடத்துக்குக் கூட்டிப்போங்கள். 1792இல் சண்டையில் தோற்ற திப்பு, தன் பிள்ளைகள் இருவரை அவரிடம் பிணையாகக் கொடுத்த காட்சி அதில் செதுக்கியிருக்கிறது. ஒருவனுக்குப் பத்து வயசு இருக்கும், மற்றவனுக்கு எட்டு. 1794இல்தான் ஊர் திரும்பினார்கள். உங்கள் மகன் வயசுதானே? இதற்கு மேல் நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம், அவனே கேட்பான்.

கேள்வி (ராயபுரம்): கோட்டைக்குள் சும்மா விடுவார்களா?

பதில்: உள்ளேதான் தலைமைச் செயலகம். பையைச் சோதிப்பார்கள். பெரியவர்கள் ஆதார் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தாம்பரம்): 6 வயசுப் பெண்ணைக் கல்லறைக்குக் கூட்டிப்போனால் பயப்பட மாட்டாளா?

பதில்: நந்தம்பாக்கம் பார்க்கப் பூங்கா மாதிரிதான் இருக்கும். புல்தரை, வரிசை வரிசையாக ஒரே அளவுக் கற்கள்; அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் வித்தியாசம் கிடையாது. பல ஊர்க் கல்லறைகளில் கிடந்த இரண்டாம் உலகப் போர் வீரர்களை 1952இல் இங்கே ஒன்றுசேர்த்தார்கள், எண்ணூறுக்கும் மேல். பெரியவளாக இருந்தால் கல்லில் உள்ள வயசைப் படிக்கச் சொல்லலாம். இருபது, இருபத்திரண்டு என்று வரும். சின்னவள் கேட்டால் "சாமிகிட்ட போயிட்டாங்க" என்று மழுப்பாதீர்கள், சண்டையில் செத்துப்போனார்கள் என்றால் போதும். கற்களுக்கு நடுவே கண்ணாமூச்சி ஆட விடாதீர்கள், சாப்பாட்டு டப்பாவை வெளியே பிரியுங்கள்.

கேள்வி (மயிலாப்பூர்): ஜப்பான் குண்டுக்குப் பயந்து ஊரையே காலி செய்ததாகப் பாட்டி சொல்வார். நிஜமா?

பதில்: நிஜம். 1942 ஏப்ரலில் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள், அரசு அலுவலகங்களையும் வெளியூருக்கு மாற்றினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆகும் என்று அப்போது சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலையில் சிங்கம், புலிகளைச் சுட்டே கொன்றார்கள். ஜப்பான் விமானம் வந்தது 1943 அக்டோபரில்தான். பாட்டி நடக்கக்கூடியவர் என்றால் கோட்டைக்கு அவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.