உதிரி மிளகாய்த்தூளில் சாயம்: கடலூரிலேயே வழக்குப் போடலாமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் குடியிருக்கிறேன். போன மாதம் புதுச்சேரியில் ஒரு கடையில் மூட்டையிலிருந்து அள்ளி, 1 கிலோ மிளகாய்த்தூள் எடை போட்டுக் கொடுத்தார்கள். மீன் குழம்பில் எண்ணெய் செக்கச்செவேலென்று மிதந்தது. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டால் சிவப்பு நூல் நூலாக இறங்குகிறது. கேட்டால், "கேஸ் போடணும்னா பாண்டிச்சேரிக்குத்தான் நடக்கணும்" என்கிறார் கடைக்காரர். துண்டுச்சீட்டு மட்டும் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அவர் சொன்னது பழைய கதை அம்மா. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 34-இன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஒரு கிலோ தூள் போன்ற சிறு தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டு அவகாசம் உண்டு.

இன்னொன்றும் உங்கள் பக்கம் இருக்கிறது. பொடித்த மசாலாவைப் பொட்டலமாக அடைக்காமல் விற்கக் கூடாது என்று 2011-இன் உணவுப் பாதுகாப்பு விதிமுறை சொல்கிறது. மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுத்ததே விதிமீறல்.

சாயத்தை நிரூபிப்பதுதான் சிரமம். மிளகாயின் இயற்கை நிறமே எண்ணெயில் கரையும். எனவே குழம்பின் சிவப்பு சாட்சியாகாது. தண்ணீரில் இறங்கும் கோடு சந்தேகத்துக்கு இடம் தருகிறது, அவ்வளவுதான். தடை செய்யப்பட்ட 'சூடான்' என்ற செயற்கைச் சாயமோ தண்ணீரில் கரையவே கரையாது. ஆய்வக அறிக்கைதான் பேசும்.

மீதித் தூளைச் சமையலில் போடாதீர்கள், கொட்டியும் விடாதீர்கள். கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி வையுங்கள். ஆணையமே மாதிரி எடுத்து, முத்திரையிட்டு ஆய்வுக்கு அனுப்ப முடியும். ஆனால் ஏற்கெனவே வீட்டில் பயன்படுத்திய தூள் என்பதால், "நீங்களே கலந்திருப்பீர்கள்" என்று எதிர்த்தரப்பு நிச்சயம் சொல்லும். அதற்கு வழி, உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40. துணைக்கு ஒருவரோடு அதே கடையில் மறுபடி வாங்குங்கள். வாங்கும்போதே, "இதை ஆய்வுக்குக் கொடுக்கப் போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். சட்டம் கேட்கும் நிபந்தனை அது. முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும், இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். அந்தத் தூளை உணவுப் பகுப்பாய்வாளரிடம் (உணவை ஆய்வு செய்து அறிக்கை தருபவர்) கொடுத்து, கட்டணம் கட்ட வேண்டும். தூள் தரம் தவறியது என்று அறிக்கை வந்தால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

கடைமீது நடவடிக்கைக்கு மட்டும் புதுச்சேரி உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதுங்கள். கடலூர் அதிகாரிக்கு அங்கே அதிகாரமில்லை.

துண்டுச்சீட்டில் கடைப் பெயர் இல்லையென்றால் கவலைப்படாதீர்கள். ஜிபேயில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவை இன்றே படமெடுத்து வையுங்கள். தேதி, தொகை, யாருக்குப் போனது எல்லாம் அதிலேயே இருக்கும்.